கவுண்டிகளில் நடை வசதி, கார் வசதி: ஒப்பிடும் முறை

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களுக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. நூலகம், மருத்துவமனை, பூங்காவுக்கு 15 நிமிடத்துக்குள் நடந்தும் காரிலும் எத்தனை பேர் போய்ச் சேரலாம் என்று கவுண்டிகளை ஒப்பிடும்போது, கவுண்டியின் நடுப்புள்ளியிலிருந்து தூரம் அளக்கவே கூடாது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டியில் அந்தப் புள்ளி மொஹாவி பாலைவனத்தில் போய் விழும். மக்களில் பெரும்பாலோர் தென்மேற்கு மூலையில் குடியிருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பிளாக்குகளை (கணக்கெடுப்பின் மிகச் சிறிய பகுதிகளை) எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தனியாக அளந்து, அங்குள்ள ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை கொடுங்கள்.

நூலகம், மருத்துவமனை, பூங்கா விவரங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து இறக்கலாம். அதைக் கவுண்டி எல்லையோடு வெட்டிவிடாதீர்கள். எல்லையோரத்துக்காரருக்குப் பக்கத்துக் கவுண்டி நூலகம்தான் கிட்ட இருக்கும். நடைக்கு 2 கி.மீ., காருக்கு 30 கி.மீ. என எல்லைக்கு வெளியேயும் சேர்த்தால் 15 நிமிடக் கணக்குக்குப் போதும்.

வல்ஹல்லா போன்ற வழித்தட மென்பொருளில் நடைக்கும் காருக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். நடைவேகம் மணிக்கு 5 கி.மீ. கார் நேரத்தோடு, வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க 3 நிமிடமாவது கூட்டுங்கள். இல்லாவிட்டால் நகர மையங்களில் கார் பொய்யாக வெல்லும்.

அதிகம் ஏமாற்றுவது பூங்காதான். பூங்காவின் நடுப்புள்ளியை வைத்தால், வேலியை ஒட்டி வசிப்பவருக்கும் 1 கி.மீ.க்கு மேல் காட்டலாம். வேலியை வைத்தால், வாசலே இல்லாத பக்கமும் வழியாகிவிடும். பொறுமையாக வாசல்களையே குறியுங்கள். நடைபாதை இல்லாத வேகச் சாலைகளிலும் மென்பொருள் ஆளை நடத்திச் செல்லும். அவற்றை நீக்கி இன்னொரு முறை கணக்கிடுங்கள்.

முடிவைச் சராசரி நிமிடமாகத் தராதீர்கள். 15 நிமிடத்துக்குள் சேரக்கூடியவர்கள் எத்தனை சதவீதம் என்று நடை, கார் இரண்டுக்கும் எழுதுங்கள். வழியே கிடைக்காத பிளாக்குகளையும் மொத்தத்தில் சேர்த்தாக வேண்டும். பக்கத்திலேயே கார் இல்லாத வீடுகளின் விகிதத்தையும் போடுங்கள். நடை வசதி இல்லாவிட்டால் முதலில் அவதிப்படுவது அவர்கள்தான்.