வியாழனின் நிறையை நாமே கணக்கிடுவோம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

வியாழனின் நிறை பூமியின் நிறையைப் போல ஏறத்தாழ 318 மடங்கு என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்தக் கோளை யாரும் தராசில் ஏற்றியதில்லை. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஒளிப்புள்ளியாகத் தெரியும் அதன் நிறை எப்படித் தெரிய வந்தது என்ற கேள்விக்கு நம் கையாலேயே விடை காண முடியும் என்பதுதான் வானியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. விண்மீன், கோள், ஒளி, ஈர்ப்பு ஆகிய நான்கையும் தனித்தனியே படிப்பதைவிட, இந்த ஒரே கணக்கைச் செய்து முடிப்பதன் வழியாக அவற்றை ஒன்றாகக் கற்றுக்கொள்வது நல்லது என்று கருதுகிறேன்.

25 முதல் 50 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறு தொலைநோக்கி, அதை அசையாமல் தாங்கும் முக்காலி, விநாடிகளைக் கணக்கிட ஒரு கைப்பேசி, ஒரு குறிப்பேடு, ஒரு மாத காலம் ஆகியவை தேவை. பைனாகுலர் மட்டுமே இருந்தால், அதை முக்காலியில் பொருத்திக்கொண்டு மூன்றாம் படி வரை செய்து பார்க்கலாம். சூரியன் முழுவதுமாக மறைந்த பிறகே கருவியை வெளியே எடுக்க வேண்டும். எந்தக் கருவியின் வழியாகவும் சூரியனைப் பார்ப்பது கண்ணை நிரந்தரமாகப் பழுதாக்கிவிடும்.

படி 1: வியாழனை அடையாளம் காணுதல்

வியாழன் ஏறத்தாழ 399 நாள்களுக்கு ஒருமுறை வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அப்போது அது சூரியன் மறையும் வேளையில் கிழக்கே உதித்து, இரவு முழுவதும் வானில் நிற்கும். நமது அளவீட்டுக்கு அந்த நாளை ஒட்டிய ஒரு மாதமே ஏற்றது.

அதை விண்மீன்களிலிருந்து பிரித்தறிய முதலில் ஒளியைக் கவனியுங்கள். விண்மீன்கள் தாமே ஒளிர்பவை. ஆனால் அவற்றுள் நமக்கு மிக அருகில் உள்ள பிராக்சிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால், அவை நம் கண்ணுக்கு வெறும் புள்ளிகளாகவே தெரிகின்றன. அந்தப் புள்ளியிலிருந்து வரும் மெல்லிய ஒளிக்கீற்றை வளிமண்டலத்தின் வெப்பக் காற்றும் குளிர்காற்றும் மாறி மாறி விலக்கும்போது விண்மீன் மின்னுகிறது. கோள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புபவை. அருகில் இருப்பதால் அவை புள்ளிகள் அல்ல, மிகச் சிறிய வட்டங்கள். வட்டத்தின் ஒரு பகுதி மங்கும் நொடியில் இன்னொரு பகுதி பிரகாசிப்பதால், மொத்த ஒளி பெரிதாக ஏறி இறங்குவதில்லை. எனவே நிலையாக ஒளிர்வது கோளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வியாழனைவிட வெள்ளிதான் பிரகாசமானது. ஆனால் வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை என்பதால் நள்ளிரவில் உச்சிவானில் நிற்காது. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சூரியன் மறைந்த திசையிலிருந்து ஐந்து முஷ்டிக்கு மேல் விலகி, வெண்மஞ்சளாக, மின்னாமல், பிற விண்மீன்கள் அனைத்தையும்விடப் பிரகாசமாக ஒன்று தெரிந்தால் பெரும்பாலும் அது வியாழனே. செவ்வாய் சில ஆண்டுகளில் அதே அளவு பிரகாசிக்கும் என்றாலும் அதன் செந்நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஐயம் இருந்தால் தொலைநோக்கியைத் திருப்புங்கள். அருகில் ஒரே கோட்டில் சிறு புள்ளிகள் தெரிகின்றனவா என்பதே முடிவான சோதனை.

படி 2: நான்கு புள்ளிகளைப் பார்த்தல்

கலிலியோ 1610-ஆம் ஆண்டு ஜனவரி 7 அன்று வியாழனருகே மூன்று சிறு புள்ளிகளைக் கண்டார். கிழக்கே இரண்டும் மேற்கே ஒன்றுமாக இருந்த அவற்றை விண்மீன்கள் என்றே முதலில் எண்ணினார். மறுநாள் மூன்றும் மேற்குப் பக்கத்தில் இருந்தன. 13-ஆம் நாள் நான்காவது புள்ளியும் தெரிந்தது. ஒரே இரவோடு நிறுத்தியிருந்தால் அவரும் அவற்றை விண்மீன்கள் என்றே விட்டிருப்பார். அடுத்தடுத்த இரவுகளில் வரைந்து ஒப்பிட்டதால்தான் அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று அவரால் அறிய முடிந்தது.

இப்புள்ளிகள் அயோ, யூரோப்பா, கனிமீடு, காலிஸ்டோ என்ற நான்கு துணைக்கோள்கள். வட்டமாகச் சுற்றும் இவை ஏன் ஒரே கோட்டில் தெரிகின்றன என்று தொடக்கத்தில் பலருக்கும் குழப்பம் வரும். தரையோடு சுழலும் குதிரை இராட்டினத்தைத் தொலைவில் கண்மட்டத்தில் நின்று பார்த்தால் குதிரைகள் வட்டமிடுவது தெரியாது. இடமும் வலமுமாகப் போய்வருவதாகவே தோன்றும். வியாழனின் துணைக்கோள்களையும் நாம் அவற்றின் சுற்றுப்பாதையின் விளிம்புப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

படி 3: ஒவ்வோர் இரவும் வரைதல்

குறிப்பேட்டில் நடுவே ஒரு சிறு வட்டம் வரைந்து, அதன் இரு பக்கங்களிலும் புள்ளிகளை வியாழனின் விட்டத்தை அளவுகோலாகக் கொண்டு குறியுங்கள். நாளையும் நேரத்தையும் மணி, நிமிடத்தோடு எழுதுங்கள். சில தொலைநோக்கிகள் பிம்பத்தை இடவலமாக மாற்றிக் காட்டும். தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் வியாழன் எந்தத் திசையில் நகர்ந்து மறைகிறதோ அதுவே மேற்கு. சில இரவுகளில் மூன்றோ இரண்டோ மட்டும் தெரிந்தால் கவலை வேண்டாம். மற்றவை கோளின் முன்னோ பின்னோ நிழலிலோ இருக்கும்.

நமக்கு வேண்டியது கனிமீடு. நான்கிலும் பெரும்பாலும் அதுவே பிரகாசமானது. கோளின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஏழரை விட்டத் தொலைவு வரை போய்த் திரும்பும். அயோ மிக வேகமாக இடம் மாறுவதால் ஒரு சில மணிநேரத் தாமதமே அளவீட்டைக் கெடுத்துவிடும். காலிஸ்டோ எல்லாவற்றுக்கும் அப்பால் போவது வசதிதான் என்றாலும் அது மங்கலானது, சுற்றி வரவும் நீண்ட நாள் எடுக்கிறது. முதல் முயற்சிக்குக் கனிமீடே சரியான தேர்வு.

படி 4: சுற்றுக்காலத்தைக் கண்டறிதல்

கனிமீடு ஒரே பக்கத்தில் மிக விலகி நிற்கும் இரண்டு இரவுகளுக்கு இடையே ஏழு நாள்கள் ஆவதை இரண்டாம் வாரத்திலேயே காண்பீர்கள். ஆனால் நாம் நாளுக்கு ஒருமுறைதான் பார்க்கிறோம். ஒவ்வொரு குறிப்பிலும் அரை நாள் வரை பிழை இருக்கலாம். ஒரே சுற்றை அளந்தால் அந்தப் பிழை முழுவதும் விடையில் ஏறிவிடும். நான்கு சுற்றுகளுக்கான மொத்த நாள்களைக் கண்டு நான்கால் வகுத்தால், பிழையும் நான்கில் ஒன்றாகக் குறையும். ஒரு மாத காலம் கேட்டதற்கு இதுதான் காரணம். சரியான விடை 7.15 நாள்.

படி 5: விநாடிகளைக் கொண்டு கோணத்தை அளத்தல்

இந்தச் செய்முறையின் உயிர்நாடி இந்தப் படிதான். துணைக்கோள் வியாழனிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பூமியின் சுழற்சியே அளவுகோலாக அமைகிறது. பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்வதால், வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகையும் ஒரு விநாடியில் 15 விகலையும் நகர்வதாகத் தோன்றுகிறது. ஒரு பாகையை 60 பங்காக்கினால் கிடைப்பது கலை, கலையை 60 பங்காக்கினால் கிடைப்பது விகலை. அதாவது ஒரு விகலை என்பது பாகையின் 3,600-இல் ஒரு பங்கு.

கனிமீடு மிக விலகி நிற்கும் இரவில், வியாழனைத் தொலைநோக்கியின் பார்வை வட்டத்தின் நடுவே கொண்டுவந்து, பின்தொடரும் மோட்டார் இருந்தால் அதை நிறுத்திவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். கோளும் துணைக்கோளும் மெல்ல மேற்கு விளிம்பை நோக்கி நகரும். முதலில் மறைவது எதுவோ அது மறையும் கணத்தில் கடிகாரத்தைத் தொடங்கி, அடுத்தது மறையும் கணத்தில் நிறுத்துங்கள். வியாழனுக்கு மட்டும் அதன் வட்டம் பாதி மறைந்த கணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். குறைந்தது பத்து முறை செய்து சராசரி காணுங்கள். 23 அல்லது 24 விநாடியை ஒட்டிய விடை கிடைக்கும்.

கனிமீடு உச்ச விலக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்போ பின்போ நீங்கள் அளந்தாலும் விலக்கம் இரண்டரை விழுக்காடு அளவே குறைந்திருக்கும். ஆகவே மாதத்தில் கிடைத்த எல்லா இரவுகளின் சராசரிகளிலும் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். வியாழன் வான நடுக்கோட்டைவிட்டு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் இருப்பதாகக் கொள்ளும் கற்பனைக் கோடு) விலகி நிற்பதாலும், துணைக்கோள்களின் வரிசை கிழக்கு மேற்குத் திசையிலிருந்து சற்றுச் சாய்ந்திருப்பதாலும் எட்டு விழுக்காடு வரை வேறுபாடு வரலாம். முதல் முயற்சியில் அதை விட்டுவிடலாம்.

படி 6: கோணத்தைக் கிலோமீட்டராக மாற்றுதல்

தொலைவு தெரியாமல் கோணத்துக்குப் பொருள் இல்லை. வியாழன் சூரியனை 11.86 ஆண்டில் சுற்றுகிறது. ஆண்டு எண்ணின் வர்க்கம் தொலைவின் கனத்துக்குச் சமம் என்பது கெப்ளர் கண்ட விதி. தொலைவைப் பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தின் மடங்காகச் சொல்ல வேண்டும். 11.86-இன் வர்க்கம் ஏறத்தாழ 140.7, 5.2-இன் கனமும் அதுவே. சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும்போது பூமி நடுவில் இருப்பதால் ஒன்றைக் கழித்து 4.2 என்று கொள்ளலாம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 14.96 கோடி கிலோமீட்டர் என்பதால், வியாழன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 62.8 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் பாதை நீள்வட்டம் என்பதால் இது ஆண்டுக்கு ஆண்டு 59 கோடி முதல் 67 கோடி வரை மாறும். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் அன்றைய தொலைவைப் பார்த்துப் பயன்படுத்துவது மேலானது.

அவ்வளவு தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 35 நிமிடம் ஆகிறது. நீங்கள் வரைந்தது 35 நிமிடத்துக்கு முந்தைய வியாழனை. இந்தத் தாமதமே ஒளிக்கு வேகம் உண்டு என்பதைக் காட்டிக்கொடுத்தது. பூமி வியாழனைவிட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அயோவின் கிரகணங்கள் வரவரத் தாமதமாவதையும், நெருங்கும் மாதங்களில் முந்துவதையும் கண்ட டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர், ஒளி பயணம் செய்ய நேரம் எடுக்கிறது என்று 1676-இல் அறிவித்தார். பூமியின் சுற்றுப்பாதை விட்டத்தைக் கடக்க 22 நிமிடம் என்று அவர் கணித்தார். இன்று நாம் அறிந்த அளவு 16 நிமிடம் 40 விநாடியை ஒட்டியது.

இப்போது கணக்கு. 23 விநாடி என்றால் 23 × 15 = 345 விகலை. விகலையை 206265-ஆல் (வட்டத்தின் ஆரத்துக்குச் சமமான வில் மையத்தில் தாங்கும் கோணம் இத்தனை விகலை) வகுத்துத் தொலைவால் பெருக்கினால் உண்மையான நீளம் கிடைக்கும். 345-ஐ அவ்வாறு வகுத்து 62.8 கோடியால் பெருக்கினால் ஏறத்தாழ 10.5 லட்சம் கிலோமீட்டர். இதுவே வியாழனுக்கும் கனிமீடுக்கும் இடைப்பட்ட தூரம்.

படி 7: ஈர்ப்பைக் கொண்டு நிறையைக் காணுதல்

நமது நிலா 3.844 லட்சம் கிலோமீட்டரில் இருந்தபடி பூமியை 27.32 நாளில் சுற்றுகிறது. கனிமீடு அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவில் இருந்தும் 7.15 நாளில் சுற்றி முடிக்கிறது. நிலாவின் வேகம் விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவே. கனிமீடின் வேகம் 10 கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு விரைந்து செல்லும் பொருள் நேர்கோட்டில் பறந்துபோகாமல் வளைந்து சுற்ற வேண்டுமானால், நடுவிலிருந்து இழுக்கும் கோள் பூமியைவிட மிகப் பெரிய நிறை கொண்டதாக இருந்தாக வேண்டும். எவ்வளவு பெரியது என்பதை நியூட்டனின் ஈர்ப்பு விதி சொல்கிறது: நடுவில் உள்ள நிறை, தொலைவின் கனத்தைச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அவரும் 1687-இல் வெளியிட்ட நூலில் துணைக்கோள்களைக் கொண்டே வியாழனின் நிறையைக் கணித்தார்.

தொலைவு விகிதம்: 10.5 ÷ 3.844 = 2.73, அதன் கனம் ஏறத்தாழ 20.4.
காலவிகிதம்: 27.32 ÷ 7.15 = 3.82, அதன் வர்க்கம் ஏறத்தாழ 14.6.
இரண்டையும் பெருக்கினால் 298.

பூமியின் நிறையைப் போல 298 மடங்கு என்பது நம் விடை. 24 விநாடி என்று அளந்திருந்தால் 338 வந்திருக்கும். ஒரே ஒரு விநாடி நாற்பது பூமிகளை ஏற்றி இறக்குவதற்குக் காரணம், தொலைவை நாம் கனப்படுத்துகிறோம் என்பதே. அதில் உள்ள ஒரு விழுக்காட்டுப் பிழை விடையில் மூன்று விழுக்காடாக வளர்கிறது. சுற்றுக்காலத்தைவிட விநாடிகளை அளக்கும் ஐந்தாம் படியில் அதிகப் பொறுமை காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கிடைத்த விடையை வைத்து இன்னும் ஓர் அடி செல்லலாம். வியாழனின் கன அளவு பூமியைப் போல ஏறத்தாழ 1,320 மடங்கு. நிறையோ 318 மடங்குதான். ஆகவே அதன் அடர்த்தி பூமியின் அடர்த்தியில் கால் பங்குக்கும் குறைவு, தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அதிகம். பாறையாலோ இரும்பாலோ ஆன கோளுக்கு இந்த அடர்த்தி பொருந்தாது. ஹைட்ரஜனும் ஹீலியமும் மிகுந்த கோள் அது என்பதற்கான முதல் தடயம் இப்படித்தான் கிடைக்கிறது.

கனிமீடு பழகிய பிறகு காலிஸ்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றுக்காலம் 16.69 நாள் என்பதால் நான்கு சுற்றுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் தேவைப்படும். வியாழன் மெல்ல விலகிச் செல்வதால் அளந்த நாளின் தொலைவையே கணக்கில் சேர்க்க வேண்டும். அதே 62.8 கோடி கிலோமீட்டரில் உச்ச விலக்கம் 41 விநாடியாகக் கிடைத்தால் நிறை 310 மடங்கு என்றும், 42 விநாடியானால் 333 மடங்கு என்றும் வரும். ஒரு விநாடிப் பிழையின் விலை நாற்பது பூமியிலிருந்து இருபத்து மூன்றாகக் குறைகிறது.