பெரிய பெயர் வாங்கிய கல்லூரி குவாட்டர்பேக்: சரக்கு இருக்கிறதா, வெறும் சத்தமா?

பெங்களூரிலிருந்து அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவருக்கு முதல் எதிரி தூக்கம்தான். கிழக்குக் கடற்கரையில் சனிக்கிழமை நண்பகல் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 9:30. அங்கே பிற்பகல் 3:30 என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி, இரவு 7:30 என்றால் ஞாயிறு விடியற்காலை 5 மணி. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதனால் பெரும்பாலோர் மறுநாள் காலை ஃபில்டர் காபியோடு ஐந்து நிமிட ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஹைலைட்ஸில் கோட்டைவிட்ட பாஸ் வராது. ஓவர்ரேட்டட் குவாட்டர்பேக்குகள் (அணிக்காகப் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள்) உருவாகும் இடமே அதுதான்.

முதலில் விலையை எழுதி வையுங்கள். டிராஃப்டில் (தொழில்முறை லீகான என்.எஃப்.எல் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஐந்துக்குள் போவான் என்கிறார்களா, இரண்டாம் சுற்று என்கிறார்களா? மூன்றாம் சுற்றில் லாபமான பையன், முதல் இடத்தில் நஷ்டமாகலாம். விலை தெரியாமல் ஓவர்ரேட்டட் என்று வாதாடுவது வீண்.

அடுத்து, எங்கே யாருக்கு எதிராக அடித்தான் என்று பாருங்கள். சின்னசாமி மைதானத்தின் சின்ன பவுண்டரியில் பறந்த சிக்ஸரை நம்மில் யாரும் முழு மதிப்பில் எடுத்துக்கொள்வதில்லை. அதே சந்தேகம் இங்கேயும் வேண்டும். 2020இல் பிஒய்யூ கல்லூரியின் சாக் வில்சன் 33 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்), 3 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) என்று முடித்தார். கோவிட் காரணமாக அவசரமாக மாற்றி அமைத்த அட்டவணை அது, பெரிய அணிகள் மிகக் குறைவு. 2021 டிராஃப்டில் இரண்டாவதாக ஜெட்ஸ் அணி அவரை எடுத்தது. 2024இல் அவரை டென்வர் அணிக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே மூன்று முழு ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்: சீசனிலேயே வலுவான டிஃபென்ஸுக்கு எதிரானது, வெளியூரில் ஆடியது, தோற்றது. செப்டம்பரில் சின்னக் கல்லூரியை 50 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கிய ஆட்டத்தைத் தொடவே வேண்டாம்.

இனி எண்கள். பாஸ் வெற்றி விகிதத்தை (வீசியதில் நம் ஆள் பிடித்த பாஸ்களின் சதவீதம்) மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஸ்கிரீன் பாஸ் (பக்கத்திலேயே வீசும் எளிய பாஸ்) போட்டே அதை ஏற்றிவிடலாம். யார்டோடு ஒவ்வொரு டச்டவுனுக்கும் 20 கூட்டி, ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் 45 கழித்து, பாஸ் எண்ணிக்கையால் வகுங்கள். உதாரணமாக 400 பாஸ், 3,200 யார்டு, 30 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன் என்றால் 8.6 வரும். பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் ஒரு பொறி உண்டு: கல்லூரிக் கணக்கில் ஸாக்கில் (பந்தை வீசும் முன்பே குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது) இழந்த யார்டை பாஸ் கணக்கில் கழிக்காமல், குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். அதே பையன் 30 ஸாக்கில் 200 யார்டு இழந்திருந்தால், மேலே அந்த 200ஐக் கழித்து, கீழே 30ஐக் கூட்டுங்கள். 8.6 இப்போது 7.5 ஆகிவிடும்.

ஸாக்குக்கு லைன்மேன்களை (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்கள்) மட்டும் திட்டுவது வழக்கம். பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கும் பழக்கம் குவாட்டர்பேக்குடையது, என்.எஃப்.எல்லுக்கும் கூடவே போகும். எதிரணி நெருங்கி வந்து அழுத்தம் கொடுத்த தடவைகளை எண்ணி, அதில் எத்தனை ஸாக்கில் முடிந்தது என்று பாருங்கள். ஐந்தில் ஒன்றுக்குள் இருந்தால் பரவாயில்லை, நான்கில் ஒன்றைத் தாண்டினால் விலையைக் குறையுங்கள்.

ஆட்டம் பார்க்கும்போது ஒரு தாளில் ஐந்து பத்தி போதும்: பந்து காற்றில் போன தூரம், ஸ்னாப்பிலிருந்து, அதாவது பந்து பின்னால் குவாட்டர்பேக்குக்கு வரும் தொடக்கத்திலிருந்து, கையை விட்டுப் போகும் வரை நேரம் (போன் ஸ்டாப்வாட்ச் போதும்), அழுத்தம் உண்டா, முதலில் பார்த்த ரிசீவருக்கே (பாஸைப் பிடிக்கும் வீரர்) வீசினானா, முடிவு என்ன. நான்காவது பத்திதான் உயிர். டிவி படத்தில் எல்லா ரிசீவரும் தெரியமாட்டார்கள். ஆனால் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியும். ஒருமுறைகூடத் திரும்பாமல் வீசிய பாஸ், பயிற்சியாளர் வரைந்து கொடுத்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் டவுனில் (10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்படும் முயற்சிகளைத் தனியாக வட்டமிடுங்கள். அங்கே ஏமாற்று வித்தை குறைவு. டிஃபெண்டர் கையில் பட்டு நழுவிய பந்தையும் இன்டர்செப்ஷனாகவே எழுதுங்கள், அதிர்ஷ்டத்துக்கு மார்க் கிடையாது.

மைதானத்து விதியும் மாறுகிறது. கல்லூரியில் இரண்டு ஹேஷ் மார்க்குகளுக்கு (ஒவ்வொரு முயற்சியும் இவற்றுக்குள்ளிருந்தே தொடங்கும் கோடுகள்) இடையே 40 அடி, என்.எஃப்.எல்லில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் மிக அகலமாகத் திறந்து கிடக்கும். அந்த அகலப் பக்கத்து எல்லைக்கோட்டை ஒட்டி, பந்து தொங்காமல் போகிறதா என்பதே கை பலத்துக்குச் சரியான சோதனை. பாஸ் போடும்போது லைன்மேன்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னே போகலாம், என்.எஃப்.எல்லில் 1 யார்டுதான். ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் உத்திகளை நம்பியே யார்டு குவித்தவனுக்கு இது இடிக்கும்.

அளவுக்கு மிஞ்சிய சந்தேகமும் வேண்டாம். கல்லூரியில் ஜோ பர்ரோவின் பாஸ் வெற்றி விகிதம் 2018இல் 57.8 சதவீதம், 2019இல் 76.3 சதவீதம். ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் ரிசீவர்களாக இருந்ததால்தான் என்று சொன்னவர்கள் தோற்றார்கள். வயோமிங் கல்லூரியில் 56.2 சதவீதமே வைத்திருந்த ஜோஷ் ஆலன் என்.எஃப்.எல்லில் மூன்றாவது சீசனிலேயே 69.2க்கு ஏறினார். ஆனால் கல்லூரியில் தொடக்க வீரராக 13 ஆட்டம் மட்டும் ஆடிய மிட்ச் டிரபிஸ்கி 2017இல் இரண்டாவதாகப் போனார், பின்னாளில் சாம்பியன் பட்டங்கள் வென்ற பாட்ரிக் மஹோம்ஸ் அதே டிராஃப்டில் பத்தாவது. குறைந்த ஆட்டம் என்றால் உங்கள் தாளிலும் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

மார்ச், ஏப்ரலில் ப்ரோ டே (என்.எஃப்.எல் அணிகள் பார்க்கக் கல்லூரியிலேயே நடக்கும் திறன் காட்டும் நாள்) வீடியோக்கள் வரும். தன் ரிசீவர்கள், முன்பே ஒத்திகை பார்த்த பாஸ்கள், எதிரே ஒரு டிஃபெண்டர்கூட இல்லை. அங்கே கைத்திறத்தால் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த ஜமார்கஸ் ரஸ்ஸல் 2007 டிராஃப்டில் முதலிடத்தில் போனார்; 2010இல் அவரை எடுத்த ரைடர்ஸ் அணியே விடுவித்துவிட்டது. அந்த வீடியோவிலிருந்து உங்கள் தாளில் ஏற வேண்டியது எதுவுமில்லை. உயரமும் கை அளவும் வேண்டுமென்றால் இண்டியானாபோலிஸ் கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் முகாம்) எடுத்த அளவையே எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி அச்சடிக்கும் உயரத்தில் ஓர் அங்குலம் கூடவே இருக்கலாம்.