மாடல் செய்ய மெல்லிசு தகடு வெட்டுறது எப்படி, நெளியாம?

நான் முதல் தடவ ஒரு குட்டி பஸ் மாடலுக்கு பித்தளைத் தகட்ட வீட்டு கத்தரிக்கோல்ல வெட்டினேன், வெட்டி முடிக்கறதுக்குள்ள காஞ்ச இலை மாதிரி சுருண்டுக்குச்சு, கத்தரியும் மொட்டையாயிடுச்சு. நீங்களாவது இப்படி ஆரம்பிங்க.

1) முதல்ல கனத்த பாருங்க. கூல்டிரிங்க்ஸ் கேன் தகடு மாதிரி 0.1 மி.மீ. அளவுல இருந்தா பழைய கத்தரிக்கோலே போதும். 0.2ல இருந்து 0.5 வரைக்கும் உள்ளதுதான் மாடலுக்கு அதிகம் வேணும், தகராறும் அங்கதான்.

2) தகட்டுல மார்க்கர் பூசி, காஞ்சதும் ஊசி முனையால கோடு போடுங்க. பென்சில் கோடு அழிஞ்சு போகும், இது பளிச்சுனு தெரியும்.

3) நேர் கோடா? அப்ப வெட்டவே வேணாம், கீறி உடைங்க. ஸ்டீல் ஸ்கேல அழுத்திப் பிடிச்சுட்டு கட்டர் பிளேடால ஒரே கோட்டுல மெதுவா பத்து பதினஞ்சு தடவ இழுங்க, முதல் ரெண்டு மூணு இழுப்பு ரொம்ப லேசா இருக்கணும், இல்லன்னா பிளேடு வழுக்கி தகடு பூரா கிறுக்கிடும், அப்புறம் கோட்ட மேசை ஓரத்துல வச்சு மேல ஒரு பட்டைய அழுத்தி முன்னும் பின்னும் மடக்கினா படக்குனு பிரிஞ்சு வந்துடும். பித்தளை, அலுமினியம் ரெண்டுக்கும் நான் இதத்தான் செய்றேன்.

4) தகடு வெட்டும் கத்தரி வச்சிருந்தா கோட்டுல இருந்து 2 மி.மீ. தள்ளி வெட்டிட்டு மிச்சத்த அரத்தால தேய்ங்க. ரெண்டு பக்கத்துல ஒல்லியான பக்கம்தான் சுருளும், அதனால கழிவு பக்கத்த ஒல்லியா விடுங்க. கத்தரி வாய முழுசா மூடாதீங்க, நுனி பட்ட இடத்துல பல்லு கடிச்ச மாதிரி தடம் விழும்.

5) வளைவு, ஜன்னல் ஓட்டை எல்லாத்துக்கும் நகை வேலை செய்றவங்க வச்சிருக்கற மெல்லிசு ரம்பம்தான். பிளேடு நம்பர் 4/0, 6/0னு வரும், முன்னாடி நம்பர் கூடக்கூட பல்லு பொடிசு. பல்லு கைப்பிடிய பாத்து இருக்கணும், ஏன்னா கீழ இழுக்கும்போதுதான் வெட்டும். ஜன்னலுக்கு முதல்ல ஒரு ஓட்டை போட்டு பிளேட உள்ள நுழைச்சு மாட்டுங்க. தகடு ரொம்ப மெல்லிசா இருந்தா பல்லு மாட்டி பிளேடு படபடன்னு உடையும் (ஆரம்பத்துல ஒரே நாள்ல அஞ்சு உடைச்சிருக்கேன்), அதுக்கு தகட்ட ரெண்டு மெல்லிசு பிளைவுட் நடுவுல டபுள் டேப் போட்டு ஒட்டி மரத்தோட சேர்த்து அறுங்க, நெளியவும் செய்யாது. பிளேடுல கொஞ்சம் மெழுகு தடவிக்கோங்க.

6) ஓரத்துல பிசிறு இருக்கும், பிளேடு மாதிரி கைய கிழிக்கும், பொடி அரத்தால லேசா தேய்ச்சுட்டுதான் தொடணும். கண்ணாடி போட்டுக்கோங்க, பொடிய வாயால ஊதாதீங்க, பிரஷ்ஷால தள்ளுங்க.

சுத்துற டிஸ்க் போட்ட குட்டி மெஷின் பத்தி கேப்பீங்க. கெட்டியான தகட்டுக்கு சரி, மெல்லிசுல சூடாகி நெளிஞ்சுடும்.