அம்பாசடர் ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்த இடம்

மேலூர் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எங்கள் 1978 அம்பாசடர் இடமும் வலமுமாக அலைந்தது. சக்கரங்களுக்கு பேலன்சிங் செய்தும், அலைன்மென்ட் பார்த்தும், சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளின் முனை மூட்டுகளான டை ராட் எண்டுகளை மாற்றியும் பயனில்லை. ஜாக்கியில் தூக்கி அசைத்தபோதும் ஆட்டம் தெரியவில்லை. பாரமில்லாத சக்கரம் எளிதாகத் திரும்பிவிடுவதால் ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டமான ராக்கின் பிடிமானம் அப்போது சோதனைக்கே உள்ளாவதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆகவே நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றியிருக்கும்படி வண்டியைச் சர்வீஸ் பள்ளத்தின் மேல் நிறுத்தி, தம்பியை ஸ்டீயரிங்கை மெதுவாக இருபுறமும் திருப்பச் சொல்லிக் கீழிருந்து பார்த்தேன். சக்கரங்கள் திரும்பும் முன்பே ராக் ஹவுசிங் (ராக்கின் உறை) பக்கவாட்டில் ஒரு நூல் அளவு நகர்ந்தது. அதை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கும், அழுக்குப் படிந்த கிளாம்பின் ஓரம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. தேய்ந்த கிளாம்பையும் போல்ட்டுகளையும் மாற்றி இறுக்கி, அலைன்மென்ட்டை மீண்டும் சரிபார்த்ததும் அலைச்சல் நின்றது, பெரும் நிம்மதி.