தலை சுற்றுவது தியானம் அல்ல: புதிதாக உட்காருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பிட்ட உடனே உட்காரக் கூடாது, போனை அணைத்து வைக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டை மாடியில் காலையில் தியானத்துக்கு வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஆட்கள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. அதில் பாதி நானும் ஆரம்பத்தில் செய்தவைதான். அதிகம் பேசப்படாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இடம் தேடி மலை ஏறுவது

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. "வீட்டில் ஒரே சத்தம், ஞாயிற்றுக்கிழமை மேலே போய் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்திருக்கும், மனசும் லேசாகும். ஆனால் அந்த லேசு மலை கொடுத்தது. திங்கட்கிழமை ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது அது உங்களோடு வராது. வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரத்தைவிட, வீட்டில் ஒரே மூலையில் தினமும் இருபது நிமிடம் உட்காருவதுதான் பழக்கமாக ஊறும். சித்திரை வெயிலில் பகலில் உட்கார முடியாது, சரி. விடிவதற்கு முன் எழுந்துகொள்ளுங்கள். பஸ் ஹாரன் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

பத்மாசனம் கட்டாயம் என்று நினைப்பது

முட்டி வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள்.

மூச்சை முறுக்கி, வரும் மயக்கத்தைத் தியான நிலை என்று நம்புவது

இந்த ஒன்றில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, ஏற்காட்டின் பகோடா பாயின்ட் பாறையில் நாலைந்து பையன்கள். போனில் ஒரு குரல் "வேகமா, இன்னும் வேகமா" என்று ஏவ, துருத்தி ஊதுவதுபோல் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மூச்சை அடக்கினார்கள். சில சுற்று போனதும் ஒருவனுக்கு விரல்கள் விறைத்து உள்பக்கம் மடங்கிவிட்டன. உதடு மரத்துப் பேச்சு குழறியது. கிட்டே போனால் அவன் நண்பன், "தொடாதீங்கண்ணா, குண்டலினி ஏறுது" என்கிறான். நாலடி தள்ளினால் பள்ளம். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். சில நிமிடத்தில் விரல் பிரிந்தது. "போயிடுச்சேண்ணா" என்றான். நன்றாக வந்துகொண்டிருந்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று அவனுக்கு வருத்தம்.

அவன் உடம்பில் நடந்தது இதுதான். மூச்சை வேகவேகமாக விட விட, ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்குப் பயன்படும் கால்சியம் குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துச் சுரீரென்பதும் விரல் மடங்குவதும் அதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை மிதக்கிறது. இந்த நிலையில் மூச்சை அடக்குவது இன்னும் ஆபத்து. மூச்சு முட்டுவதை உடம்பு உணர்வது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை வைத்துத்தான். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை தாமதமாக வரும். அதற்குள் ஆக்சிஜன் இறங்கி நினைவு தப்பிவிடலாம். கிணற்றில் குதிக்கும் முன் இப்படி மூச்சை இழுத்து இழுத்து விட்டு, யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று பந்தயம் கட்டும் பையன்களைப் பார்த்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். தண்ணீருக்குள் நினைவு தப்பினால் உயிர் போய்விடும்.

இதற்குத் திருமந்திரத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள். பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (வெளியே விடுவது) 32 என்று திருமூலர் கணக்குச் சொல்லியிருப்பது உண்மை. அது மாத்திரைக் கணக்கு. ஒரு மாத்திரை கண்ணிமைக்கும் நேரம். இவர்களோ போன் டைமரில் 64 வினாடி வைத்துக்கொண்டு முதல் நாளே அடக்கிப் பார்க்கிறார்கள். பிராணாயாமத்துக்கு முன்னால் இயமம் (தீயதை விலக்குவது), நியமம் (நல்லொழுக்கம்), ஆதனம் (உட்காரும் நிலை) என்று மூன்று படிகளை அவர் வைத்திருக்கிறார். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் வரிசையும் அதேதான். பிராணாயாமம் நாலாவது படி, தியானம் ஏழாவது. முதல் மூன்றையும் தாண்டிக் குதித்தவர், நாலாவதில் வந்த தலைசுற்றலை ஏழாவது என்று நம்புகிறார்.

இதன் விலை ஒரு மயக்கத்தோடு முடிவதில்லை. அந்தச் சுரீர் உணர்வுக்குப் பழகியவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது பிடிக்காமல் போகிறது. இன்னும் வேகம், இன்னும் நீண்ட அடக்கல், அடுத்த கட்டப் பயிற்சி என்று பணம் கட்டிக்கொண்டே போகிறார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ரத்தக் கொதிப்பு உள்ளவர், இப்படி ஒரு வகுப்புக்குப் போனார். தலை வலிக்கிறது என்றதற்கு, சக்தி ஏறுகிறது, விடாமல் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ரத்தக் கொதிப்பு, இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக மூச்சு, நீண்ட கும்பகம் பக்கமே போகக் கூடாது. சொல்லிக்கொடுப்பவர் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது இதுதான். முதல் நாளே இதைக் கேட்டு விசாரிக்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மூச்சில்தான் தொடங்க விருப்பம் என்றால் மூக்கால் மெதுவாக நாலு எண்ணி உள்ளே இழுங்கள், ஆறு எண்ணி வெளியே விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். முட்டினால் மூன்று, நாலு என்று குறைத்துக்கொள்ளலாம். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு தானாகவே கொஞ்சம் தணியும். மணிக்கட்டில் விரல் வைத்தால் சிலருக்கு அது நன்றாகவே தெரியும். ஐந்து நிமிடம் ஆனதும் எண்ணுவதை விட்டுவிட்டு, மூச்சு போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். மனசு எங்காவது ஓடும். ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் பயிற்சியே. நாள் போகப் போக மூச்சு தானாகச் சிறுத்துவிடும். சுரீரென்று எதுவும் நடக்காது. எழுந்த பிறகுதான், இறுகியிருந்த தாடை தளர்ந்திருப்பதும், நேற்று யாரோ சொன்ன சொல் முன்போல உறுத்தாததும் தெரியவரும்.

தூங்கிவிடுவது

நைட் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். முதலில் தூங்குங்கள்.

பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுவது

வேண்டாம்.

மருந்தை நிறுத்துவது

தியானம் பழகிவிட்டேன், இனி பிரஷர் மாத்திரை எதற்கு, மனநல மருந்து எதற்கு என்று தானாக நிறுத்துபவர்கள் உண்டு. டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். உட்காரும்போது பயமோ படபடப்போ கூடினால் கண்ணைத் திறந்து, எழுந்து கொஞ்சம் நடங்கள். அது நாள்கணக்கில் தொடர்ந்தாலோ, தூக்கமே வராமல் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.