ஊரடங்கில் குடும்ப வழக்கு: போன் வழியாக உதவி தேடும்போது செய்யக் கூடாதவை

கொரோனா ஊரடங்கில் குடும்ப நீதிமன்ற வாசலுக்குப் போக முடியாமல் போனதும் ஆலோசனை, கவுன்சலிங், விசாரணை எல்லாம் போனுக்குள் வந்தன. வசதிதான். ஆனால் வாயால் சொன்னது வேறு, மனுவாகப் பதிவானது வேறு. அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். தொற்று அடங்கிய பிறகும், வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தபடி வழக்கு நடத்துகிறவர்கள் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

181-ல் சொன்னால் வழக்குப் போட்டதாகாது

பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் போலீஸ் உதவி, தங்குமிடம், ஆலோசனைக்கு வழி செய்வார்கள். நீதிமன்ற உத்தரவு வேண்டுமென்றால் குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் 12-ஆம் பிரிவில் மனு வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் நடந்ததைச் சொல்லி, அறிக்கை தயாரித்து நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரத்தைக் குறித்து வையுங்கள். மனு போய்ச் சேர்ந்தால் முதல் வாய்தா பொதுவாக மூன்று நாளுக்குள் வர வேண்டும் என்கிறது சட்டம். அவசரமென்றால் பிரமாணப் பத்திரத்தை வைத்தே, எதிர்த்தரப்பைக் கேட்காமல், இடைக்கால உத்தரவு தரவும் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது.

"கோயம்புத்தூரில் வாழ்ந்தேன், அங்கே போய்த்தான் போட வேண்டும்" என்று காத்திருப்பது இன்னொரு தவறு. மதுரையில் அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலே மதுரையில் மனு போடலாம்.

யாருடைய போன்?

அடிக்கிறவர் அடுத்த அறையில் இருக்கும்போது, அவர் வாங்கிக் கொடுத்த போனிலேயே வக்கீலிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாட்ஸப்பின் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்பதைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலில் இருந்தால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அங்கேயும் விழுகிறது. உடனே அதை வெளியேற்றிவிடத்தான் கை போகும், அவசரப்படாதீர்கள். வெளியேற்றினால் அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும், கோபம் உங்கள் மேல் திரும்பும். அந்த போனில் வழக்கம்போல வீட்டுப் பேச்சையே தொடருங்கள். வழக்குப் பேச்சுக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் போன், புதிதாகத் தொடங்கிய மின்னஞ்சல் என்று தனி வழி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா என்பதையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள்.

ஜீவனாம்சத்தைத் தள்ளிப்போடுவது

"எல்லாம் சரியாகட்டும், அப்புறம் போடலாம்" என்பது காசு இழக்கும் வழி. ஜீவனாம்சம் மனு தாக்கலான நாளிலிருந்து கணக்காக வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. மாதம் 10,000 ரூபாய் கிடைக்கக்கூடியவர் எட்டு மாதம் பொறுத்தால் 80,000 ரூபாய் போனது போனதுதான். அதே தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றை முதலிலேயே ஸ்கேன் செய்து வைத்தால் வாய்தா வாய்தாவாக இழுக்காது.

உத்தரவு வாங்கிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கான, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாகிவிட்டது. அதன்படி, பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும்.

"கோர்ட்டே மூடியிருக்கிறதே"

2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களை, மனு, மேல்முறையீடு தாக்கல் செய்வதற்கான கெடுவில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. அதை வைத்து ஜீவனாம்சம் கொடுப்பதையும் நிறுத்தியவர்கள் உண்டு. விலக்கு தாக்கல் கெடுவுக்குத்தான். ஏற்கெனவே உள்ள உத்தரவுக்கு அல்ல.

சம்மனை வாட்ஸப்பில் அனுப்பவும் 2020 ஜூலை 10-இல் அனுமதி வந்தது. 'ஏதோ பார்வர்டு' என்று ஒதுக்கினால் உங்களைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு விழும். விவாகரத்தில் அப்படித் தீர்ப்பானால் ரத்து செய்யக் கேட்க 30 நாள், ஜீவனாம்சத்தில் மூன்று மாதம். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்கத் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணை, நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் செயலியில் போட்டு வாரம் ஒருமுறை பாருங்கள். வக்கீல் சொல்வார் என்று மட்டும் இருக்காதீர்கள்.

வீடியோ விசாரணை

இரு தரப்பும் சம்மதிக்காமல் வீடியோவில் சாட்சியம் பதியக் கூடாது என்று 2020 ஏப்ரல் 6-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. சங்கடமிருந்தால் பதிவு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். திரைக்கு வெளியே அண்ணனோ மாமாவோ நின்று பதில் எடுத்துக் கொடுப்பதும், திரையை ரெக்கார்டு செய்வதும் உங்கள் வழக்கையே கெடுக்கும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் நேரில் வர முடியாத நியாயமான காரணம் இருந்தால், பெற்றோரோ உடன்பிறந்தவரோ சார்பில் நிற்கவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். அப்படி நிற்பவருக்கு வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்தை இந்திய தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள். பத்திரம் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தாமதமானால் அதைச் சரிசெய்வதே தனி வேலை.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது

மிரட்டல் செய்தியை வெட்டி ஒட்டி ஆல்பமாக்காதீர்கள். தேதி, எண் தெரியும்படி முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்யுங்கள். மூல போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. மூல போனைத் தராமல் பிரதியாகத் தாக்கல் செய்யும் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு.

குழந்தையைப் பார்க்கும் உரிமை

தொற்றைக் காட்டி அடியோடு மறுத்தால் பிறகு கஸ்டடி விசாரணையில் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த எண்ணில் வீடியோ அழைப்பு என்பதைச் செய்தியாக எழுதி உறுதி வாங்குங்கள். அழைப்பு நடக்கும்போது பின்னால் நின்று "அப்பாகிட்ட பீஸ் கேளு" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

பணமில்லை என்று தயங்கும் பெண்கள் சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. நோட்டரி முன்னிலையில் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிய 'விவாகரத்து' மட்டும் வேண்டாம். அதை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாம் திருமணக் குற்றத்தில் மாட்ட நேரிடும்.