லினக்ஸ் டிரைவருக்குக் கேகான்ஃபிக் எழுதுதல்: 'டிபென்ட்ஸ் ஆன்' எங்கே, 'செலக்ட்' எங்கே?

டிரைவரின் சி நிரல் சரியாக இருந்தும் கர்னல் பில்ட் உடைகிறதா? பிழை கேகான்ஃபிக் கோப்பில் (கர்னலில் எந்தெந்தப் பகுதி சேரலாம், எது எதைச் சார்ந்தது என்று வரையறுக்கும் கோப்பு) இருக்கலாம். எல்எம்75 என்ற வெப்பநிலை சென்சாரின் டிரைவரை வைத்து இதைப் பார்ப்போம். அது லினக்ஸ் மூலநிரலில் டிரைவர்ஸ்/எச்டபிள்யூமான் (வன்பொருள் கண்காணிப்பு) அடைவில் இருக்கிறது. கட்டளைகளையும் குறிச்சொற்களையும் இங்கே ஒலிப்புப்படி தருகிறோம். கோப்பில் இடும்போது ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

படி 1: பதிவை எழுதுதல்

அந்த அடைவின் கேகான்ஃபிக் கோப்பில் 'இஃப் எச்டபிள்யூமான்', 'எண்டிஃப்' ஆகிய இரண்டுக்கும் நடுவே பதிவு வர வேண்டும். அப்போது எச்டபிள்யூமான் சார்பு தானாகவே சேர்ந்துவிடும். சுருக்கமான வடிவம் இது:

    கான்ஃபிக் சென்சார்ஸ்_எல்எம்75
        ட்ரைஸ்டேட் "எல்எம்75 வெப்பநிலை சென்சார்"
        டிபென்ட்ஸ் ஆன் ஐ2சி
        செலக்ட் ரெக்மேப்_ஐ2சி

ஐ2சி என்பது சென்சாரை இணைக்கும் பஸ்; ரெக்மேப்_ஐ2சி அதன் வழியே சிப்பின் ரெஜிஸ்டர்களை அணுக உதவும் நூலகம். 'கான்ஃபிக்' வரியில் வரும் இத்தகைய பெயரைச் 'சின்னம்' என்போம். உள்தள்ளலுக்கு ஒரு டேப். உதவிக் குறிப்பு எழுதினால் அதன் வரிகளுக்கு ஒரு டேப்போடு இரண்டு இடைவெளி. பிறகு மேக்ஃபைலில் ஒரே வரி:

    ஆப்ஜ்-$(கான்ஃபிக்_சென்சார்ஸ்_எல்எம்75) += எல்எம்75.ஓ

'ட்ரைஸ்டேட்' என்றால் மூன்று நிலை: 'ஒய்' (கர்னலுக்குள்ளேயே), 'எம்' (தனி மாட்யூல்), 'என்' (வேண்டாம்). கேகான்ஃபிக் இவற்றை 2, 1, 0 என்ற எண்களாகவே கணக்கிடுகிறது. இந்த எண்கள் படி 3-ல் தேவைப்படும்.

படி 2: இரண்டு சார்புகளையும் பிரித்தறிதல்

'டிபென்ட்ஸ் ஆன்' ஓர் உச்சவரம்பு. ஐ2சி 'எம்' என்றால் நம் டிரைவர் 'எம்'-க்கு மேலே போகாது; ஐ2சி 'என்' என்றால் மெனுவில் தலையே காட்டாது.

'செலக்ட்' கீழ்வரம்பு. நம் டிரைவர் 'ஒய்' ஆனதும் ரெக்மேப்_ஐ2சி-யும் 'ஒய்' ஆகிவிடும். ஆபத்து இங்கேதான்: எதைத் தூக்கி நிறுத்துகிறோமோ, அதன் சொந்தச் சார்புகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று 'செலக்ட்' பார்ப்பதே இல்லை.

ரெக்மேப்_ஐ2சி தானும் ஐ2சி-யைச் சார்ந்தது. மேலே உள்ள பதிவிலிருந்து 'டிபென்ட்ஸ் ஆன் ஐ2சி' வரியை மட்டும் எடுத்துவிட்டு, ஐ2சி-யை 'எம்' ஆகவும் டிரைவரை 'ஒய்' ஆகவும் வைத்தால், 'அன்மெட் டைரக்ட் டிபென்டன்சீஸ் டிடெக்டட்' என்ற எச்சரிக்கை வரும். வெறும் எச்சரிக்கை என்பதால் பில்ட் நிற்காது. எல்லாக் கோப்பும் கம்பைல் ஆகி, கடைசியில் லிங்க் செய்யும்போதுதான் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஐ2சி_டிரான்ஸ்ஃபர்' என்று விழும். கர்னலுக்குள் இருக்கும் நிரல், மாட்யூலுக்குள் இருக்கும் செயல்கூறை அழைக்க முடியாது அல்லவா? ஆகவே அந்த எச்சரிக்கையைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் பயனருக்குத் தெரியாத, உதவி நூலகம் போன்ற சின்னங்களுக்கு மட்டும் 'செலக்ட்' போடுங்கள், ரெக்மேப்_ஐ2சி அப்படிப்பட்டது. அதற்கென்று சார்புகள் இருந்தால், அவற்றை உங்கள் பதிவிலும் 'டிபென்ட்ஸ் ஆன்' என்று எழுதியே ஆகவேண்டும். ஐ2சி, யூஎஸ்பி, பிசிஐ போன்ற முழுத் துணை அமைப்புகளை ஒரு டிரைவர் 'செலக்ட்' செய்வது, பயனர் வேண்டாம் என்று அணைத்ததைப் பின்வாசல் வழியே ஏற்றுவதாகும்.

படி 3: இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் பரவாயில்லை

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரு நெட்வொர்க் டிரைவர், பிடிபி (நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறை) கடிகாரம் இருந்தால் அதைப் பயன்படுத்தும், இல்லாமலும் ஓடும். சார்பு எதுவும் எழுதாவிட்டால், டிரைவர் 'ஒய்', பிடிபி 'எம்' என்ற ஒரு சேர்க்கையில் மட்டும் லிங்க் உடையலாம். அதற்கான வரி:

    டிபென்ட்ஸ் ஆன் பிடிபி_1588_கிளாக் || !பிடிபி_1588_கிளாக்

எப்போதும் உண்மைதானே என்று தோன்றும். ஆனால் '||' இரண்டில் பெரியதை எடுக்கும், '!' என்பது 2-லிருந்து கழிக்கும். பிடிபி 'ஒய்' என்றால் 2, 0 இரண்டில் பெரியது 2. 'என்' என்றால் 0, 2 இரண்டில் பெரியது 2. 'எம்' என்றால் மட்டும் இரு பக்கமும் 1. டிரைவரின் உச்சவரம்பு 'எம்' ஆகிவிடுகிறது. உடையும் சேர்க்கை அதோடு ஒழிந்தது.

பிடிபி-க்கு இதே வேலையைச் செய்ய 2021-ல் பிடிபி_1588_கிளாக்_ஆப்ஷனல் என்ற தனிச் சின்னமே கர்னலில் சேர்க்கப்பட்டது. நெட்வொர்க் டிரைவர் என்றால் அதையே சாருங்கள்.

சி நிரலில் 'இஸ்_ரீச்சபிள்' (ஒரு சின்னத்தின் நிரலை இங்கிருந்து அழைக்க முடியுமா என்று பார்க்கும் மேக்ரோ) போட்டும் லிங்க் பிழையைத் தவிர்க்கலாம். ஆனால் அந்த வசதி சத்தமில்லாமல் காணாமல் போகும். பயனர் இரண்டையும் இயக்கியிருந்தும் ஏன் வேலை செய்யவில்லை என்று திணறுவார். கேகான்ஃபிக் வரியே மேல்.

படி 4: சோதித்தல்

வழக்கமான டெஸ்க்டாப் கான்ஃபிக்கில் கிராபிக்ஸ் போன்ற பகுதிகள் ஐ2சி-யை 'ஒய்' ஆக்கிவிடுவதுண்டு, சோதனை பலிக்காது. வெறுமையிலிருந்து தொடங்குங்கள்:

    மேக் ஆல்நோகான்ஃபிக்
    ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் -இ மாட்யூல்ஸ் -எம் ஐ2சி -இ எச்டபிள்யூமான் -இ சென்சார்ஸ்_எல்எம்75
    மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்

இரண்டாம் கட்டளை கேட்டதை அப்படியே எழுதும், சார்பைப் பார்க்காது. மூன்றாவதுதான் சரிபார்க்கிறது. முடிந்ததும் .கான்ஃபிக் கோப்பைத் திறந்தால், 'ஒய்' கேட்ட எல்எம்75 'எம்' ஆகியிருக்கும். 'ஒய்' ஆகவே நின்றால் 'டிபென்ட்ஸ் ஆன்' வரி விடுபட்டிருக்கிறது. ஐ2சி-யை 'ஒய்', 'என்' என்று மாற்றியும் ஓட்டுங்கள். பிறகு மேக் ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்ததெல்லாம் 'எம்'), சில ரேண்ட்கான்ஃபிக் (தற்செயல் தேர்வுகள்) ஓட்டுங்கள்.

ஒரு சின்னம் அணைய மறுத்தால் மெனுகான்ஃபிக்கில் '/' அழுத்திப் பெயரைத் தேடுங்கள். 'செலக்டட் பை' என்ற பகுதியில் அதைப் பிடித்து வைத்திருப்பது யாரென்று தெரியும். மறைந்திருக்கும் வரிகளைக் காண 'இசட்' விசை.

'ரிகர்சிவ் டிபென்டன்சி டிடெக்டட்' வந்தால்

அ என்பது ஆ-வைச் சார்ந்துகொண்டே, அதே ஆ-வை 'செலக்ட்' செய்தால் இந்தப் பிழை வரும். நிஜத்தில் நடுவே நாலைந்து சின்னங்கள் இருக்கும். பிழைச்செய்தி அந்தச் சங்கிலியை வரி எண்ணோடு காட்டும். ஒரே சின்னத்தைச் சில டிரைவர்கள் சார்ந்தும் சில 'செலக்ட்' செய்தும் இருப்பதே வழக்கமான காரணம். சங்கிலியில் உள்ள 'செலக்ட்' ஒன்றை 'டிபென்ட்ஸ் ஆன்' ஆக்கினால் வளையம் அறும். உங்கள் பதிவை எழுதும் முன், அதே அடைவில் மற்ற டிரைவர்கள் அந்தச் சின்னத்தை எப்படி எடுத்திருக்கின்றன என்று கிரெப் போட்டுப் பாருங்கள்.